குளுக்கோமீட்டர் தவறாகக் காட்டும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

இரத்தம் எடுக்கும் அறையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு காட்சி பழகிப்போயிருக்கும். கையை நீட்டி உட்கார்ந்தவர், ஊசி குத்துவதற்கு முன்பே பையிலிருந்து, வீட்டிலேயே இரத்தச் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டரை எடுத்து மேசைமேல் வைத்து, “இது சரியாகவே காட்டுவதில்லை, புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா?” என்று கேட்பார். அப்படி என் மேசைக்கு வந்த கருவிகளில் உண்மையாகவே கெட்டுப்போனவை மிகச் சில. பழுது பெரும்பாலும் இரத்தத் துளியை ஏற்கும் ஸ்ட்ரிப்பிலோ, விரலிலோ, ஒப்பிட்டுப் பார்த்த முறையிலோதான் இருந்தது. ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்து, அதன்பின் புது ஸ்ட்ரிப், புதுக் கருவி, மருத்துவர் என்ற வரிசையில் எழுதுகிறேன். குறியீடுகளும் வரம்புகளும் கருவிக்குக் கருவி மாறும் என்பதால் உங்கள் கருவியின் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவியைச் சந்தேகிப்பதற்கு முன்

வியர்த்துக் கொட்டுதல், கை நடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் ஆகிய தாழ்சர்க்கரை (இரத்தச் சர்க்கரை மிகவும் குறைதல்) அறிகுறிகள் இருக்கும்போது கருவி என்ன காட்டினாலும் அதைச் சரிபார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அளவு 70-க்குக் (நம் ஊர்க் கருவிகளின் அலகான மில்லிகிராம்/டெசிலிட்டரில்) கீழே இருந்தாலும், அளவே பார்க்க முடியாமல் இந்த அறிகுறிகள் மட்டும் இருந்தாலும், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். விழுங்க முடியாதவருக்கும் நினைவு தப்பியவருக்கும் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். பிழை நீக்குவது இதற்கெல்லாம் பிறகுதான்.

அறிகுறி: கருவிக்கு உயிரே வரவில்லை

ஸ்ட்ரிப்பைத் தலைகீழாகவோ பின்பக்கமாகவோ செருகியிருப்பதே இதற்கு மிக எளிய காரணம். மின்கோடுகள் தெரியும் முனைதான் கருவிக்குள் போக வேண்டும். கண்பார்வை மங்கியவர்கள் இரத்தம் உறிஞ்சும் முனையை உள்ளே தள்ளிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அடுத்து பேட்டரியைப் பாருங்கள். பல கருவிகளில் சிஆர் 2032 என்ற நாணய வடிவ பேட்டரி இருக்கும். பழையதைக் கழற்றி, தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடைத்து, கூட்டல் குறி சரியான பக்கம் இருக்குமாறு புதியதைப் போட வேண்டும். பொத்தானை அழுத்தினால் திரை எரிகிறது, ஸ்ட்ரிப்பைச் செருகினால் மட்டும் எரியவில்லை என்றால் குறை ஸ்ட்ரிப் நுழையும் வாயில் இருக்கிறது. அங்கே காய்ந்த இரத்தமோ ஸ்பிரிட்டின் ஈரமோ இருக்கலாம். ஊசி, குச்சி, ஈரப் பஞ்சு எதையும் அதற்குள் நுழைக்காதீர்கள். துருவோ பச்சைப் படிவோ கண்ணுக்குத் தெரிந்தால் அந்தக் கருவியை மாற்றிவிடுவதே சரி. இதைப் பழுது பார்க்கும் கடை எதையும் நான் பரிந்துரைப்பதில்லை. உத்தரவாதக் காலம் மீதமிருந்தால் நிறுவனமே மாற்றித் தரும்.

அறிகுறி: எண் வராமல் பிழைக் குறியீடு வருகிறது

*ஸ்ட்ரிப்பைச் செருகியவுடனே வந்தால்,* அது ஏற்கெனவே பயன்படுத்திய ஸ்ட்ரிப்பாகவோ ஈரம் பட்ட ஸ்ட்ரிப்பாகவோ இருக்கும். வேறொன்றை எடுத்துச் செருகுங்கள். தொடர்ந்து மூன்று ஸ்ட்ரிப்புகள் அதே குறியீட்டைக் காட்டினால் ஸ்ட்ரிப்புகள் இருக்கும் குப்பி முழுவதையும் சந்தேகிக்க வேண்டும்.

*இரத்தம் வைத்த பிறகு வந்தால்,* இரத்தம் போதவில்லை என்பதே வழக்கமான காரணம். இன்றைய ஸ்ட்ரிப்புகளுக்கு ஒரு மைக்ரோலிட்டரோ அதற்கும் குறைவோதான் தேவை என்றாலும், அந்தச் சிறு துளி ஒரே தடவையில் உள்ளே ஏற வேண்டும். முதல் துளி பாதியில் நின்றதும் விரலைப் பிதுக்கி இரண்டாவது துளியைச் சேர்ப்பது சில கருவிகளில் மட்டுமே, அதுவும் சில விநாடிகளுக்குள் மட்டுமே, அனுமதிக்கப்பட்டிருக்கிறது. துளியை ஸ்ட்ரிப்பின் மேற்பரப்பில் தடவாமல் அதன் ஓர முனையில் தொட்டால் ஸ்ட்ரிப்பே உறிஞ்சிக்கொள்ளும்.

*வெப்பமானிப் படம் வந்தால்,* அறை வெப்பம் கருவியின் வரம்புக்கு வெளியே இருக்கிறது. பல கருவிகளின் மேல் வரம்பு 40 டிகிரி அளவில் நிற்கிறது. கத்திரி வெயிலில் வேலூர், திருத்தணிப் பக்கம் அதைத் தாண்டுவது வழக்கமே. கருவியையும் ஸ்ட்ரிப் குப்பியையும் நிழலான, மின்விசிறி ஓடும் அறையில் அரை மணி நேரம் வைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அவசரமாகக் குளிர்விக்கக் கூடாது. வெளியே எடுத்தவுடன் ஈரம் படிந்து, நன்றாக இருந்த ஸ்ட்ரிப்பும் வீணாகும்.

அறிகுறி: எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் காட்டுகிறது

இங்கேதான் மிகுந்த நிதானம் வேண்டும், ஏனெனில் பொய்யான உயர்ந்த எண்ணை நம்பி ஒருவர் இன்சுலினைக் கூட்டிவிட்டால் அதன் விளைவு தாழ்சர்க்கரையாக முடியும்.

*கைகள்.* மாம்பழம் நறுக்கிய கை, வெல்லம் உடைத்த கை, காபியில் சர்க்கரை கலக்கிய கை ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் இனிப்பு, ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் கலந்தால் எண்ணைப் பல மடங்கு ஏற்றிவிடும். ஜப்பானில் நடந்து 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நீரிழிவே இல்லாதவர்களைப் பழம் உரிக்கச் சொல்லி விரல்நுனியில் சோதித்தபோது அளவு மிக உயர்ந்து வந்தது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த பிறகும் அது முழுமையாக இறங்கவில்லை. குழாய்த் தண்ணீரில் கழுவிய பிறகே உண்மையான எண் கிடைத்தது. எனவே உயர்ந்த எண் வந்தால் செய்ய வேண்டிய முதல் வேலை, கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்தி, வேறு விரலில் மறுபடி பார்ப்பதுதான். கழுவ வசதி இல்லாத இடத்தில் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியைப் பயன்படுத்தலாம்.

*குப்பி.* ஸ்ட்ரிப் குப்பியின் மூடியிலோ உட்சுவரிலோ ஈரம் உறிஞ்சும் பொருள் வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்ட்ரிப்புகளைச் சிறு டப்பாவுக்கு மாற்றுவது, மூடியை லேசாக வைத்துவிட்டு மறப்பது, குளியலறை அலமாரியில் வைப்பது ஆகிய மூன்றும் கடலோர ஊர்களின் காற்றில் ஸ்ட்ரிப்பை மிக விரைவில் கெடுக்கின்றன. கெட்ட ஸ்ட்ரிப் அதிகமாகவும் காட்டலாம், குறைவாகவும் காட்டலாம் என்பதால் எண்ணை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. காலாவதித் தேதியைப் பார்ப்பதோடு, குப்பியைத் திறந்த தேதியையும் அதன்மேல் எழுதி வையுங்கள். பல ஸ்ட்ரிப்புகளுக்குத் திறந்த நாளிலிருந்து மூன்று மாதம் அல்லது ஆறு மாதம் என்று தனிக் கெடு உண்டு. அது காலாவதித் தேதிக்கு முன்பே முடிந்துவிடும்.

*கோடு (code) எண்.* பழைய கருவிகளில் குப்பியின் மேலுள்ள கோடு எண்ணும் திரையில் தோன்றும் எண்ணும் பொருந்த வேண்டும், அல்லது குப்பியோடு வரும் சில்லை (chip) கருவியில் செருக வேண்டும். புதுக் குப்பி வாங்கிய வாரத்திலிருந்து எண்கள் மாறியிருந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

*இரத்தசோகை.* இரத்த அறிக்கையில் பி.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். சிவப்பணுக்கள் இரத்தத்தின் எத்தனை விழுக்காடு இடத்தை அடைத்திருக்கின்றன என்பதை அது சொல்கிறது. அது குறைந்தால் ஸ்ட்ரிப் அதிகமாகக் காட்டும். கூடினால் குறைவாகக் காட்டும். சில ஸ்ட்ரிப்புகளின் வரம்பு 30 முதல் 55 வரை மட்டுமே. புதியவை சில இதைவிட அகலமான வரம்பைத் தாங்குகின்றன. அறிக்கை கையில் இல்லையென்றால் ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் பி.சி.வி. ஏறத்தாழக் கிடைக்கும். ஹீமோகுளோபின் 8 உள்ள கர்ப்பிணிக்கு அது 24 என்று வருகிறது. 30-இல் தொடங்கும் ஸ்ட்ரிப்பை வைத்து அவருடைய இன்சுலின் அளவைத் தீர்மானிக்கக் கூடாது. ஸ்ட்ரிப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் இந்த வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். கர்ப்பகால நீரிழிவோடு இரத்தசோகையும் உள்ளவர்களிடம் இந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் பழக்கம் எங்கள் தொழிலில் இன்னும் பரவ வேண்டும்.

*மருந்துகள்.* அதிக அளவு வைட்டமின் சி எடுப்பவர்களுக்கு, குறிப்பாக நரம்பு வழியாக ஏற்றிக்கொள்பவர்களுக்கு, பல கருவிகள் உயர்த்திக் காட்டும். இதைவிட ஆபத்தானது வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களின் நிலை. ஐகோடெக்ஸ்ட்ரின் கலந்த திரவம் உடலில் மால்டோஸாக உடைகிறது. ஜிடிஹெச்-பிக்யூக்யூ என்ற நொதி உள்ள ஸ்ட்ரிப்புகள் மால்டோஸையும் குளுக்கோஸாக எண்ணிவிடும். இத்தகைய குளறுபடியோடு தொடர்புடையவையாக 1997 முதல் 2009 வரை 13 மரணங்கள் பதிவாகியிருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-இல் எச்சரித்தது. இந்த டயாலிசிஸ் செய்பவர் எந்தக் கருவியை வாங்கலாம் என்பதைக் கடைக்காரரிடம் கேட்காமல் சிறுநீரக மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

*மருத்துவரை அழைக்கும் நிலை.* கை கழுவி, புதுக் குப்பியிலிருந்து ஸ்ட்ரிப் எடுத்துப் பார்த்தும் 250-க்கு மேல் நீடித்தால், அதோடு வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அறிகுறி: எதிர்பார்த்ததைவிடக் குறைவாகக் காட்டுகிறது

ஸ்பிரிட் காய்வதற்கு முன்பே குத்தியிருந்தாலும், கழுவிய ஈரம் விரலில் இருந்தாலும் இரத்தம் நீர்த்துப்போகும். துளி வரவில்லை என்று விரலை அடியிலிருந்து நுனிவரை அழுத்திப் பிழிந்தால் திசுநீரும் சேர்ந்து வெளியே வரும். வெந்நீரில் கையைக் கழுவி, ஒரு நிமிடம் தொங்கவிட்டு, மோதிர விரலின் பக்கவாட்டில் குத்துங்கள்; விரலைக் குத்தும் லான்செட் ஊசி பொருத்திய பேனாவின் ஆழத்தை ஓர் எண் கூட்டுவது பிழிவதைவிட நல்லது. லான்செட்டையே பல நாள் மாற்றாமல் வைத்திருப்பவர்களுக்கு முனை மழுங்கிவிடுவதால்தான் பிழிய வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் நோயாளியின் நிலையைப் பாருங்கள். கடுமையான நீரிழப்பு, தாழ்ந்த இரத்த அழுத்தம், சில்லிட்ட விரல்கள் ஆகியவை இருக்கும்போது விரல்நுனி இரத்தத்தை நம்ப முடியாது. அப்போது நரம்பிலிருந்து எடுத்த இரத்தமே வேண்டும். வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருப்பவருக்கு, குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி கொண்ட ஸ்ட்ரிப் குறைத்துக் காட்டக்கூடும். காற்று மெலிந்த மிக உயரமான இடங்களில் அதே ஸ்ட்ரிப் கூட்டிக் காட்டும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் இது பெரும்பாலும் கவலையில்லை, கயிலாய யாத்திரை போகிறவர்கள் மட்டும் கையேட்டிலுள்ள உயர வரம்பைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

அறிகுறி: அடுத்தடுத்துப் பார்த்தால் இரண்டு எண்கள்

பெரும்பாலும் இது பழுதே இல்லை. ஐஎஸ்ஓ 15197 என்ற பன்னாட்டுத் தரத்தின் 2013 பதிப்பு, 100-க்குக் கீழே 15 மில்லிகிராம் வரையும், 100-க்கு மேலே 15 விழுக்காடு வரையும் கருவி விலகலாம் என்று ஏற்கிறது. நூற்றில் 95 சோதனைகள் இந்த வரம்புக்குள் இருந்தால் போதும். உண்மையான அளவு 130 என்றால் 111-உம் சரி, 149-உம் சரி. ஆகவே ஒரே விரலில் 118-உம் 142-உம் வந்ததற்காக மூன்றாவது, நான்காவது ஸ்ட்ரிப்புகளைச் செலவழிப்பதில் பயனில்லை. 130-க்கு அடுத்து 210 வருகிறது என்றால்தான் தேட வேண்டும். அப்போது கை, துளியின் அளவு, குப்பி என்ற அதே வரிசையில் மீண்டும் செல்லுங்கள்.

அதன்பின்னும் தீரவில்லையென்றால் கண்ட்ரோல் சொல்யூஷன் என்ற சோதனைத் திரவத்தைப் பயன்படுத்த வேண்டும். குளுக்கோஸின் அளவு முன்பே தெரிந்த இந்தத் திரவத்தை இரத்தத்துக்குப் பதிலாக ஸ்ட்ரிப்பில் வைத்தால், வரும் எண் ஸ்ட்ரிப் குப்பியின் மேல் அச்சிட்டிருக்கும் வரம்புக்குள் விழ வேண்டும். அதே நிறுவனத்தின் திரவமாக இருக்க வேண்டும். குலுக்கி, முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்த துளியை ஒரு சுத்தமான மூடியின் மேல் விட்டு அதில் ஸ்ட்ரிப்பைத் தொட வேண்டும். வரம்புக்குள் விழுந்தால் கருவியும் ஸ்ட்ரிப்பும் நன்றாக உள்ளன. குறை கையில் அல்லது முறையில் இருக்கிறது. வெளியே விழுந்தால் புதுக் குப்பியில் மறுபடி செய்யுங்கள். புதுக் குப்பியிலும் வெளியே விழுந்தால் மட்டுமே கருவியைக் குறை சொல்லலாம். என் அனுபவத்தில் மருந்துக் கடைகளில் இந்தத் திரவம் கேட்டவுடன் கிடைப்பதில்லை. கருவியின் பின்புறமுள்ள வாடிக்கையாளர் எண்ணில் கேட்பதே வழி.

அறிகுறி: லேப் எண்ணோடு பொருந்தவில்லை

காலை ஆறு மணிக்கு வீட்டில் பார்த்த எண்ணையும், ஒன்பது மணிக்கு லேபில் கொடுத்த இரத்தத்தின் எண்ணையும் ஒப்பிட்டுவிட்டுக் கருவியைத் திட்டுவது நியாயமில்லை. இடையில் மூன்று மணி நேரம் போயிருக்கிறது. ஒரு காபியும் போயிருக்கலாம். சாப்பிட்ட பிறகு பார்ப்பதென்றால் விரல்நுனி இரத்தத்தில் நரம்பு இரத்தத்தைவிட அளவு இயல்பாகவே கூடுதலாக இருக்கும். வெறும் வயிற்றில்தான் இரண்டும் நெருங்கி வரும்.

லேபின் பக்கமும் பிழை நேரும். குழாயில் எடுத்த இரத்தத்தின் அணுக்கள் குளுக்கோஸைத் தொடர்ந்து தின்றுகொண்டே இருப்பதால், அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை அளவு குறையும். இதைக் கட்டுப்படுத்தவே ஃப்ளோரைடு கலந்த, சாம்பல் நிற மூடியுள்ள குழாய் இருக்கிறது. அதுவும் முதல் ஒன்றிரண்டு மணி நேரக் குறைவை முழுமையாகத் தடுப்பதில்லை. வீட்டுக்கு வந்து எடுத்துச் செல்லும் மாதிரி, வெயிலில் பல வீடுகள் சுற்றிவிட்டு மதியம் லேபை அடைந்தால், உங்கள் கருவி கூட்டிக் காட்டுவதுபோலத் தோன்றும்.

முறையான ஒப்பீடு எளிது. வெறும் வயிற்றில் கருவியோடு லேபுக்குச் செல்லுங்கள். கையைக் கழுவி விரலில் பாருங்கள். அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் நரம்பில் இரத்தம் கொடுங்கள். மாதிரி உடனே சோதிக்கப்படுமா என்று கேளுங்கள். லேப் எண்ணிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் கருவி நன்றாக இருக்கிறது. வெவ்வேறு நாட்களில் இரண்டு முறை அதைத் தாண்டினால் கருவியை மாற்றுங்கள். கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையின் அறிக்கையில் 7 என்று இருந்தால் அதற்கு இணையான சராசரி 154; அதைக் காலை வெறும் வயிற்றின் ஒற்றை எண்ணோடு ஒப்பிடுவது வேறு இரண்டு பொருள்களை ஒரே தராசில் வைப்பதாகும்.

அறிகுறி: எண்ணே விசித்திரமாக இருக்கிறது

திரையில் 7.2 என்று புள்ளியோடு வந்தால் கருவி மில்லிமோல் அலகில் காட்டுகிறது. சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் பிள்ளைகள் வாங்கி அனுப்பும் கருவிகளில் இது வழக்கம். 18-ஆல் பெருக்கினால் நம் அலகு கிடைக்கும், 7.2 என்பது ஏறத்தாழ 130. ஒரு முதியவர் புள்ளியைக் கவனிக்காமல் 5.8-ஐ 58 என்று குறித்துவைத்து, ஒரு வாரம் தினமும் காலையில் சர்க்கரைத் தண்ணீர் குடித்துவந்ததை நான் பார்த்திருக்கிறேன். பல கருவிகளில் அலகைப் பயனர் மாற்ற முடியாது என்பதால், நம் அலகில் காட்டும் கருவியை வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு.

‘ஹை’ என்று வந்தால் அளவு கருவியின் மேல் வரம்பைத் தாண்டியிருக்கிறது. பல கருவிகளில் அது 600. ‘லோ’ என்றால் கீழ் வரம்புக்கு, பொதுவாக 20-க்கு, கீழே என்று பொருள். ‘லோ’ வந்து ஆள் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாலும் முதலில் சர்க்கரையைக் கொடுத்துவிட்டுத்தான் புது ஸ்ட்ரிப்பை எடுக்க வேண்டும். ‘ஹை’ வந்தால் கையைக் கழுவி ஒரு தடவை மட்டும் மறுபடி பாருங்கள்; அதே வந்தால் மூன்றாவது ஸ்ட்ரிப் வேண்டாம், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அறிகுறி: கையில் ஒட்டிய சென்சார் விரல்நுனியோடு ஒத்துப்போகவில்லை

புஜத்தின் பின்புறம் ஒட்டும் தொடர் சென்சார் அளப்பது தோலுக்கடியிலுள்ள திசுநீரை. இரத்தத்தில் நேரும் மாற்றம் அங்கே சில நிமிடங்கள் தாமதமாகவே தெரியும். சாப்பிட்ட உடனும் நடந்து முடித்த உடனும் எண்கள் விலகுவது இயல்பு. திரையில் அம்புக்குறி கிடையாக நிற்கும், அதாவது அளவு ஏறாமல் இறங்காமல் இருக்கும் நேரத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒட்டிய முதல் நாளில் விலகல் கூடுதலாக இருப்பதும் உண்டு.

நள்ளிரவில் மட்டும் தாழ்சர்க்கரை அலாரம் அடித்து, விரலில் பார்த்தால் சரியாக இருக்கிறது என்றால், அந்தக் கையின்மேல் சாய்ந்து படுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அழுத்தத்தால் சென்சார் குறைத்துக் காட்டும், புரண்டு படுத்தால் தானே சரியாகும். ஆனாலும் ஒவ்வோர் இரவும் விரலில் உறுதிப்படுத்தாமல் அலாரத்தை அணைக்காதீர்கள்.

வியர்வையில் ஓரம் கிளம்பினால் மேலே மருத்துவ டேப் ஒட்டலாம். சென்சாரின் நடுவிலுள்ள துளையை மட்டும் மூடக் கூடாது. தோல் சிவந்து, வீங்கி, வலித்தால் கழற்றிவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். கெடு முடிவதற்கு முன்பே சென்சார் நின்றுபோனால் அதைக் குப்பையில் போடாமல், பெட்டியிலுள்ள தொடர் எண்ணோடு எடுத்துவைத்து நிறுவனத்தை அழையுங்கள். மாற்றித் தரும் முன் சென்சாரையே திருப்பிக் கேட்பதுண்டு.